மந்தையைக் காக்கும் ஒரு துளி இரத்தம்

வங்கிகள் சிற்றூர்களை எட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டின் வறண்ட நிலப்பகுதிகளில் ஒரு சேமிப்பு முறை வழக்கில் இருந்தது. அந்தச் சேமிப்பு பகலில் மேய்ந்தது. இரவில் பட்டியில் அடைந்தது. மகளின் திருமணம் என்றால் ஐந்தாறு ஆடுகள், பள்ளிக் கட்டணம் என்றால் ஒன்று, எதிர்பாராத மருத்துவச் செலவு என்றால் இரண்டு என அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எஞ்சியவை குட்டி ஈன்று குறையை நிரப்பிவிடும். 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி நம்முடையது. ஆடும் அந்தச் செல்வத்தில் அடங்கியதுதான்.

2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள செம்மறியாடுகள் ஏறத்தாழ 7.43 கோடி. இவற்றில் தெலங்கானாவில் 1.91 கோடி, ஆந்திரப் பிரதேசத்தில் 1.76 கோடி, கர்நாடகத்தில் 1.11 கோடி. நாட்டின் செம்மறிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவை இந்த மூன்று மாநிலங்களில் மேய்கின்றன. அடுத்த இடங்களில் இராஜஸ்தானும் தமிழ்நாடும் நிற்கின்றன. இன்று இந்த மந்தைகளில் பல, வங்கிக் கடனால் வாங்கப்பட்டவை அல்லது வங்கிக் கடனுக்கு ஆதாரமாக இருப்பவை. எனவே மந்தையின் உடல்நலம் ஆடு வளர்ப்போரின் கவலை மட்டுமன்று. கடன் கொடுத்தவர், பால் குடிப்பவர், இறைச்சி உண்பவர் என எல்லோருடைய கவலையும் ஆகும்.

வறட்சி வந்தால் வானம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தீவனம் குறைந்தால் ஆட்டின் விலா எலும்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொற்றும் பாக்டீரிய நோய்களில் சில, வாரக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், எந்த அடையாளமும் காட்டாமல் மந்தைக்குள் வாழக்கூடியவை. கிருமி நுழைந்த நாளுக்கும் நாம் அதை அறிந்துகொள்ளும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் மந்தை அழிகிறது. நோயறிதல் என்பது அந்த இடைவெளியைக் குறுக்கும் கலை. அதைப் பற்றியே இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

மலிவாகக் கிடைத்த இரண்டு ஆடுகள்

வட கர்நாடகத்துச் சிற்றூர் ஒன்றில் நூறு பெண் ஆடுகள் கொண்ட மந்தை ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். உரிமையாளர் வாரச்சந்தைக்குப் போகிறார். சினையாக உள்ள இரண்டு ஆடுகள் வழக்கமான விலையைவிடக் குறைவாகக் கிடைக்கின்றன. பார்வைக்கு நல்ல உடற்கட்டு. கண்ணிலும் மூக்கிலும் நீர் இல்லை. நடையில் தளர்ச்சி இல்லை. வாங்கி வந்து அன்று மாலையே மந்தையோடு விடுகிறார்.

ஒரு மாதம் கழித்து அவற்றில் ஒன்று நான்காம் மாதக் கருவை வீசிவிடுகிறது. வேறொரு ஆடு முட்டியிருக்கும் என்றோ ஒவ்வாத தழையைத் தின்றிருக்கும் என்றோ அவர் எண்ணுகிறார். வீசிய கருவை வேலிக்கு அப்பால் எறிகிறார். நாய் இழுத்துச் செல்கிறது. நஞ்சுக்கொடி விழுந்த இடத்தை மற்ற ஆடுகள் முகர்கின்றன, நக்குகின்றன. அடுத்த ஈற்றுப் பருவத்தில் பன்னிரண்டு ஆடுகள் கரு வீசுகின்றன. அதற்குள் உரிமையாளருக்கும் மாலைதோறும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுகளில் வலி. இரண்டும் ஒரே நோய் என்பது அவருக்குத் தெரியாது.

இது கற்பனைக் கதைதான். ஆனால் இதன் ஒவ்வொரு படியும் புரூசெல்லோசிஸ் என்னும் நோய் பரவும் உண்மையான வழி. மாடு வளர்ப்போர் இதைக் 'கன்று வீச்சு நோய்' என்பர். செம்மறியிலும் வெள்ளாட்டிலும் இதனைப் பெரும்பாலும் உண்டாக்குவது புரூசெல்லா மெலிடென்சிஸ் என்னும் பாக்டீரியா. அப்பெயரில் மால்ட்டா தீவின் பழம்பெயர் ஒளிந்திருக்கிறது. அத்தீவில் இருந்த பிரித்தானியப் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் பிரித்தெடுத்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மேலும் பதினெட்டு ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1905இல் மால்ட்டா மருத்துவர் தெமிஸ்டொக்கிளிஸ் சாமிட், நோயின் சுவடே இல்லாத வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது. நலமாகத் தோன்றிய ஆடுகளின் பாலே வீரர்களை நோயில் வீழ்த்தியிருந்தது. ஆட்டின் தோற்றத்தை நம்பக்கூடாது, இரத்தத்தைக் கேட்கவேண்டும் என்ற பாடத்தை அன்றே மருத்துவ உலகம் கற்றது.

மேய்ப்பரின் கண்

இரத்தச் சோதனைக்கு முன்னர் ஒரு சோதனை உண்டு. அதற்குச் செலவில்லை. காலையில் பட்டியின் வாயிலைத் திறக்கும்போது ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டுப் பார்ப்பதே அது. அனுபவமுள்ள மேய்ப்பர் அப்போது எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. கடைசியாக எழுவது எது, காலைத் தாங்கி நடப்பது எது, முட்டியிட்டு மேய்வது எது, அசை போடாமல் ஒதுங்கி நிற்பது எது என்பனவற்றையும் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் வெப்பமானி உதவும். செம்மறியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல். அதாவது 102 முதல் 103 டிகிரி பாரன்ஹீட் வரை. வெயிலில் நடந்து வந்த உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும் என்பதால் விடியற்காலையில் அளப்பதே நம்பத்தக்கது.

அடுத்தது கையின் வேலை. தாடைக்குக் கீழும் தோளுக்கு முன்னும் விரலால் தடவினால் நிணநீர்க் கணுக்களின் வீக்கம் தெரியும். கிடாவின் விதைகளை இனச்சேர்க்கைப் பருவத்துக்கு முன் தடவிப் பார்த்தால் கட்டியோ ஒருபக்க வீக்கமோ தெரியும். புரூசெல்லா கிருமிகள் அங்கும் தங்கக்கூடியவை.

இவற்றோடு ஒரு குறிப்பேடு வேண்டும். கரு வீசிய ஆடு எது, எத்தனையாவது மாதம், எந்த நாள், எங்கிருந்து வாங்கியது என்று நான்கு செய்திகளை எழுதிவைத்தால் போதும். ஒரு கருச்சிதைவு தற்செயலாக இருக்கலாம். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதன் பிற்பகுதியில் அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆடுகள் கரு வீசினால் அது தற்செயலன்று. ஆனாலும் அது புரூசெல்லோசிஸ்தான் என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. கிளமிடியா, சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் முதலிய பாக்டீரியாக்களும் கருச்சிதைவை உண்டாக்கும். எது காரணம் என்பதைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. இந்த இடத்தில்தான் ஆய்வகம் தேவைப்படுகிறது.

நான்கு நிமிடத்தில் ஒரு விடை

கால்நடை மருத்துவர் ஆட்டின் கழுத்துச் சிரையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கிறார். அது உறைந்தபின் மேலே தெளியும் சீரமே சோதனைக்குரியது. ஒரு வெள்ளைத் தட்டில் சீரத்தின் துளியை இட்டு, அதனோடு ரோஸ் பெங்கால் என்னும் சாயம் ஏற்றப்பட்ட, உயிரற்ற புரூசெல்லா கிருமிகள் அடங்கிய இளஞ்சிவப்பு நீர்மத்தைக் கலக்கிறார். தட்டை நான்கு நிமிடம் மெல்ல அசைக்கிறார். ஆட்டின் இரத்தத்தில் அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் இருந்தால் நீர்மம் திரிந்து சிறுசிறு துகள்களாகும். இல்லையெனில் சீரான இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

எளிய சோதனைதான், ஆனால் ஒரு நுட்பம் உண்டு. மாடுகளுக்குச் சீரமும் நீர்மமும் சம அளவில் கலக்கப்படும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் அவ்வாறு செய்தால் சில நோயுற்ற ஆடுகள் தப்பிவிடும். எனவே மூன்று பங்கு சீரத்துக்கு ஒரு பங்கு நீர்மம் என்ற அளவு பரிந்துரைக்கப்படுகிறது. மாட்டுப் பண்ணைகளில் பயன்படும் பால் வளையச் சோதனையும் ஆடுகளுக்கு நம்பத்தக்கதன்று. மாட்டுக்குப் பொருந்தியது ஆட்டுக்கும் பொருந்தும் என்ற எண்ணமே பல இடங்களில் நோயைத் தப்பவிட்டிருக்கிறது.

இச்சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கொரோனாக் காலத்தில் இவ்வேறுபாட்டை நாம் அனைவரும் கற்றுக்கொண்டோம். அன்று மூக்கில் பஞ்சு நுழைத்து எடுத்த பி.சி.ஆர். சோதனை கிருமியின் மரபுப்பொருளைத் தேடியது. இரத்தச் சோதனை உடலின் மறுமொழியைத் தேடியது. ஆட்டுக்கும் இவ்விரண்டு வழிகளும் உண்டு. வீசிய கரு, நஞ்சுக்கொடி ஆகியவற்றின் மாதிரிகளில் பி.சி.ஆர். மூலம் கிருமியை நேரடியாகத் தேடலாம். கிருமியை வளர்த்து உறுதிசெய்யும் முறையும் உண்டு. ஆனால் அது ஆய்வகப் பணியாளரையே தொற்றக்கூடும் என்பதால் உயர்ந்த பாதுகாப்பு உள்ள ஆய்வகங்களில் மட்டுமே செய்யத்தக்கது.

எத்தனை ஆடுகளைச் சோதிப்பது?

நூறு ஆடுகள் உள்ள மந்தையில் நூறையும் சோதிக்க வேண்டுமா? நாம் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. 'இந்த மந்தைக்குள் நோய் இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'எந்தெந்த ஆட்டுக்கு நோய்?' என்பது மற்றொரு கேள்வி.

முதற்கேள்விக்குப் புள்ளியியல் உதவுகிறது. வங்கியில் தணிக்கை செய்வோர் எல்லாக் கோப்புகளையும் படிப்பதில்லை. தக்க முறையில் சிலவற்றைத் தேர்ந்து படிக்கின்றனர். அதே கணக்குதான் இங்கும். நூறு ஆடுகளில் பத்து ஆடுகளுக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். தற்செயலாகத் தேர்ந்த 25 ஆடுகளைச் சோதித்தால், அவற்றுள் நோயுற்ற ஒன்றாவது அகப்படுவதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மந்தை 500 ஆடுகளாகப் பெருகி, அதே பத்து விழுக்காட்டுக்கு நோய் இருந்தால் எத்தனை ஆடுகள் வேண்டும்? 125 அல்ல, 28 போதும். மந்தை ஐந்து மடங்காகும்போது மாதிரியின் அளவு மூன்றே ஆடுகளால் கூடுகிறது. பெரிய மந்தை வைத்திருப்போருக்கு இது நல்ல செய்தி.

மறுபக்கமும் உண்டு. நூறு ஆடுகளில் இரண்டுக்கு மட்டுமே நோய் என்றால், அதே உறுதியோடு கண்டுபிடிக்க 78 ஆடுகளைச் சோதிக்க வேண்டும். நோய் புதிதாக நுழைந்திருக்கும்போது கண்டறிவது கடினம். எளிதாகக் கண்டறியும் அளவுக்கு அது பெருகிவிட்டபின் காலம் கடந்திருக்கும். எனவேதான் நுழைவாயிலில் காவல் வைப்பது, உள்ளே தேடுவதைவிடச் சிறந்தது.

தேர்வு தற்செயலாக அமைவதும் முக்கியம். பிடிக்க எளிதான ஆடுகளையே பிடித்துச் சோதித்தால் கணக்குப் பொய்த்துவிடும். ஐயத்துக்குரியவற்றை, அதாவது கரு வீசியவற்றையும் புதிதாக வந்தவற்றையும், இந்த எண்ணிக்கைக்கு மேலாகத் தனியே சோதிக்க வேண்டும். நோய் உண்டு என்று உறுதியானபின் இரண்டாம் கேள்வி எழுகிறது. அப்போது மாதிரி போதாது; மந்தை முழுவதையும் சோதித்தே ஆகவேண்டும்.

'உண்டு' என்பதும் 'இல்லை' என்பதும்

எந்தச் சோதனையும் முழுமையானதன்று. நோயற்ற நூறு ஆடுகளில் இரண்டைத் தவறாகச் சுட்டும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நோயே இல்லாத மந்தையிலும் அது இரண்டு ஆடுகளைக் குற்றவாளியாக்கிவிடும். எனவே ரோஸ் பெங்கால் சோதனையில் 'உண்டு' என வந்தவற்றை எலிசா போன்ற மற்றொரு சோதனையால் உறுதிசெய்வது முறை. ஒரு துளி திரிந்தது என்பதற்காக ஓர் ஏழைக் குடும்பத்தின் ஆட்டை உடனே விலக்கச் சொல்வது நீதியன்று.

அதேபோல் 'இல்லை' என்ற விடையும் இறுதியானதன்று. கிருமி நுழைந்து சில வாரங்கள் வரை எதிர்ப்பொருள் உருவாகாமல் இருக்கலாம். சினையாடுகளில் நோய் ஈற்றுக்காலம் வரை மறைந்திருக்கவும் கூடும். ஆகவே புதிதாக வாங்கிய ஆட்டைக் குறைந்தது முப்பது நாள் தனித்து வைத்து, வந்த உடனும் சேர்ப்பதற்கு முன்னும் என இருமுறை சோதிக்க வேண்டும். சினையாடு எனில் குட்டி ஈன்றபின் மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டு மந்தையில் சேர்ப்பதே பாதுகாப்பு.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் புரூசெல்லோசிஸ் தடுப்பூசி, நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கும் எருமைக் கன்றுகளுக்கும் போடப்படுகிறது. செம்மறிகள் அந்தத் தடுப்பூசி வளையத்துக்குள் இல்லை. அவற்றுக்கு இன்று நாம் கொடுக்கக்கூடிய முதற்பாதுகாப்பு நோயறிதல்தான். நோயுற்ற ஆட்டுக்கு மருந்து கொடுத்து முற்றாகக் குணப்படுத்தலாம் என்று நம்புவதற்கும் இல்லை. அதை இனப்பெருக்கத்துக்கு விற்காமல், கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி மந்தையிலிருந்து நீக்குவதே வழி.

கட்டி, குளம்பு, மெலிவு

கன்று வீச்சு நோயை விரிவாகப் பார்த்தோம். மறைந்து பரவும் வேறு மூன்று நோய்களும் சுருக்கமாக அறியத்தக்கவை.

முதலாவது, நிணநீர்க் கணுக்களில் சீழ்க்கட்டி உண்டாக்கும் நோய். தாடைக்கீழும் தோள்முன்னும் உருளும் கட்டிகள் அதன் அடையாளம். உள்ளிருக்கும் சீழ் பாலாடைக்கட்டி போலக் கெட்டியாகவும், வெட்டிப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காகவும் இருக்கும். கட்டி தானே உடைந்தால் சீழ் தரையிலும் தொட்டியிலும் பட்டுப் பரவும். கம்பளி கத்தரிக்கும்போது ஏற்படும் சிறு காயங்கள் கிருமிக்குத் திறந்த கதவு. எனவே இளம் ஆடுகளை முதலிலும் கட்டியுள்ளவற்றைக் கடைசியிலும் கத்தரிப்பதும், இடையிடையே கத்தரியைக் கிருமிநாசினியில் நனைப்பதும் இன்றியமையாதவை.

இரண்டாவது, குளம்பு அழுகல். ஈரமும் குளிரும் மிக்க காஷ்மீரப் பள்ளத்தாக்கின் மந்தைகளில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. குளம்புகளின் இடைவெளியில் தொடங்கும் அழற்சி, குளம்பின் ஓட்டை உட்புறமிருந்து பிரிக்கிறது. துர்நாற்றம் வீசுகிறது, ஆடு முட்டியிட்டு மேய்கிறது. நொண்டும் ஆடுகள் எல்லாவற்றுக்கும் இந்நோய் என்று சொல்ல முடியாது, முள்ளும் காரணமாகலாம். குளம்பிடையில் துடைத்தெடுத்த மாதிரியைப் பி.சி.ஆர். மூலம் சோதித்தால் டைக்கிலோபாக்டர் நோடோசஸ் என்னும் கிருமி உள்ளதா, அது கடுமையான வகையா, மென்மையான வகையா, எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பன தெரியும். காஷ்மீர் ஆய்வுகளில் 'பி' பிரிவே மிகுதியாகக் காணப்பட்டது. தடுப்பூசி தயாரிக்க இச்செய்தி அடிப்படையானது. இக்கிருமி குளம்பை விட்டு வெளியேறினால் மண்ணில் நெடுநாள் வாழாது. ஆகவே நோய் தாங்கிய ஆடுகளைக் கண்டறிந்து பிரித்து, மேய்ச்சல் நிலத்துக்கு இரண்டு வாரம் ஓய்வு தந்தால் மந்தையை மீட்க முடியும்.

மூன்றாவது, ஜோனிஸ் நோய். நன்றாகத் தின்றும் ஆடு மெலிந்துகொண்டே போகும். மாட்டில் இந்நோய் கடும் கழிச்சலை உண்டாக்கும். செம்மறியில் கழிச்சல் இல்லாமலும் இருக்கலாம். இதனால் குடற்புழு என்று எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டே காலம் கழிவதுண்டு. கிருமி குட்டிப் பருவத்திலேயே நுழைந்து ஆண்டுக்கணக்கில் உறங்கும். சாணச் சோதனையும் எலிசாவும் தொடக்க நிலையில் பலவற்றைத் தவறவிடும். எனவே ஒருமுறை சோதித்து நிறுத்தாமல் தொடர்ந்து சோதிக்க வேண்டிய நோய் இது. மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென உள்நாட்டுத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

கத்தியை எடுக்கக்கூடாத நேரம்

ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேரே தொற்றாமல் பெரும்பாலும் மண்ணிலிருந்து வரும் ஒரு பாக்டீரிய நோயையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. முந்தைய நாள் வரை நலமாக இருந்த ஆடு திடீரென இறந்து கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த, உறையாத இரத்தம் கசிகிறது. உடல் முழுமையாக விறைக்கவில்லை. இது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், என்று ஐயப்பட வேண்டும். அந்த உடலை அறுக்கக்கூடாது, தோலுரிக்கக்கூடாது, இறைச்சியாக்கக் கூடவே கூடாது. காற்றுப் பட்டவுடன் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். அறுத்தவரும் உண்டவரும் உயிரிழக்க நேரிடலாம்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கால்நடைக் காப்பீட்டில் இழப்பீடு கோரும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்கப்படுவது வழக்கம். அதை எண்ணி உடலை அறுக்கச் சொல்லி வற்புறுத்துவோர் உண்டு. அடைப்பான் என்ற ஐயம் இருந்தால் அறுக்காமலே, காது நரம்பிலிருந்து கால்நடை மருத்துவர் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கலாம். நீலக் குச்சிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் விடை கிடைத்துவிடும். ஆகவே காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் உடனே தகவல் சொல்லி, அவர் எழுதித் தரும் சான்றைப் பெறுவதே நாம் செய்யத்தக்கது. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்நோய்க்கான தடுப்பூசியைத் தயாரிக்கிறது. நோய் அடிக்கடி தோன்றும் பகுதிகளில் ஆண்டுதோறும் அதைப் போட்டுக்கொள்வது நன்று.

மறைத்தால் யாருக்கு இழப்பு?

நோயை அறிந்தும் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தக்காண மேட்டுநிலத்தின் மேய்ப்பர்கள் மந்தையோடு ஊர் ஊராகப் போகிறவர்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு அதற்குரிய தானியமோ பணமோ பெறுபவர்கள். 'அந்த மந்தையில் நோய்' என்ற சொல் பரவினால் எந்த வயலும் திறக்காது; சந்தையில் விலையும் விழும். இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்ய முடியாது.

ஆயினும் கணக்குப் பார்ப்போம். 2017இல் தெலங்கானா அரசு தொடங்கிய ஆடு வழங்கும் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குரிய அலகு, 20 பெண் ஆடுகளும் ஒரு கிடாவும். அத்தகைய அலகு ஒன்றில் ஆறு ஆடுகள் கரு வீசினால் அந்த ஈற்றின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. நோயுற்ற ஆட்டைச் சந்தையில் தள்ளிவிட்டால் நோய் தீர்ந்துவிடுவதில்லை. அது அடுத்தவர் பட்டிக்குப் போகிறது. அவரும் அதே சந்தைக்குத்தான் வருகிறார். நம் கதையில் சினையாடுகள் இரண்டு ஏன் மலிவாகக் கிடைத்தன என்பதை வாசகர்கள் இந்நேரம் உணர்ந்திருப்பார்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட நோய் இருப்பதாக ஐயம் எழுந்தால் உரிமையாளர் அதனை ஊர் அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். ஆட்டைத் தனித்து வைக்கவும் வேண்டும். அடைப்பானும் ஆடுகளின் புரூசெல்லோசிசும் அப்பட்டியலில் உள்ளன.

வாடிக்கையாளர்கள் கருத வேண்டியவை

ஆடு வளர்ப்புக்குக் கடன் பெற்றவர்களும் பெற எண்ணுபவர்களும் சிலவற்றைக் கருத்தில் கொள்ளலாம். உழவர் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. அதன் நடைமுறை மூலதனத்தில் தீவனம், கூலி, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றோடு கால்நடை மருத்துவச் செலவும் அடங்கும். ஆகவே சோதனைச் செலவைத் தனிச்சுமையாகக் கருதாமல் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேட்கலாம். தனித்து வைக்கும் கொட்டிலையும் அம்மதிப்பீட்டிலேயே காட்டலாம்.

12 இலக்க எண் கொண்ட காதுப்பட்டை காப்பீட்டுக்கு மட்டும் உரியதன்று. சோதனை முடிவை எந்த ஆட்டுக்குரியது என்று பிழையின்றிப் பதிவதற்கும் அதுவே அடிப்படை. 2024 பிப்ரவரியில் தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் உரிமையாளர் செலுத்த வேண்டிய தவணைப் பங்கு 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. உள்ளூர் மருத்துவர் எடுக்கும் மாதிரிகள் மாநில நோயறி ஆய்வகங்களுக்குச் செல்கின்றன. நாடு முழுவதற்குமான நோய்ப்பரவலை ஆராயும் தேசியக் கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம் பெங்களூருவில் இயங்குகிறது.

மந்தையோடு வாழ்வோர் தம் உடலையும் மறந்துவிடலாகாது. வீசிய கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், கையுறை அணிந்து அகற்றி ஆழப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் 'நான் ஆடு வளர்க்கிறேன்' என்ற ஒரு சொற்றொடரைத் தவறாமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாததால் நோய் அறியப்படாமல் நாள்கள் கழியக்கூடும். சொன்னால், ஆறு வாரம் வரை நீளும் முறையான மருத்துவத்தால் குணம் பெற வழி பிறக்கும்.

நாம் தொடங்கிய மந்தைக்கே திரும்புவோம். அதே சந்தை, அதே இரண்டு சினையாடுகள். இம்முறை உரிமையாளர் அவற்றை மந்தையோடு விடவில்லை. வீட்டுக்குப் பின்புறம் தனிக்கொட்டிலில் கட்டுகிறார், தண்ணீர்த்தொட்டியும் தனி. மறுநாள் மருத்துவரை அழைக்கிறார். தட்டில் இளஞ்சிவப்புத் துளி திரிகிறது. மறுசோதனையும் அதையே சொல்கிறது. இரண்டு ஆடுகளின் விலை அவருக்கு இழப்புத்தான். அந்த இழப்பு சிறிதன்று. அன்றிரவு அவருக்கு உறக்கம் வந்திருக்காது. ஆனால் விடிந்ததும் பட்டியின் வாயிலைத் திறக்கிறார். நூறு ஆடுகளும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அவர் எண்ணிக்கொண்டு நிற்கிறார்.